சேகரிப்பாளரின் கையும் புரியாப் படங்களும்: ஜோசப் கார்னெலின் ‘ரோஸ் ஹோபார்ட்’ எழுப்பும் பாடச் சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

சர்ரியலிசச் சார்புடைய சோதனைத் திரைப்படங்கள் திரையரங்குப் பார்வையாளரிடம் பெறாத பற்றினைத் தனிப்பட்ட சேகரிப்பாளர்களிடம் பெற்றுள்ளன. அரிய பொருளின்மீது எழும் வேட்கை என்று மட்டும் இப்பற்றினை விளக்குதல் போதாது. சேகரித்தல் என்னும் செயலுக்கும் இப்படங்களின் ஆக்கமுறைக்கும் உள்ள உறவை, அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் 1936இல் உருவாக்கிய ‘ரோஸ் ஹோபார்ட்’ படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சேகரிப்பாளர் காத்தளித்த படத்தின் மூலபாடம் எது என்னும் வினாவும் இதனுள் அடங்கும்.

திறவுச்சொற்கள்: சர்ரியலிசம், சோதனைத் திரைப்படம், சேகரிப்பு, மூலபாடம், ஜோசப் கார்னெல், ஹாரி ஸ்மித்.

1. சிக்கலின் இடம்

சேகரிப்பு பற்றிய ஆய்வுகள் பொதுவாக இரு காரணங்களைக் கூறி அமையும். ஒன்று, பொருளின் அருமை. மற்றொன்று, பிறரிடம் இல்லாதது தம்மிடம் இருத்தலால் வரும் பெருமிதம். அஞ்சல்தலை, நாணயம், முதற்பதிப்பு நூல் ஆகியவற்றுக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். திரைப்படச் சுருளுக்கு இது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சுருள் கையில் இருப்பதனாலேயே படம் கையில் இருப்பதாகாது. படவீழ்த்தி வேண்டும், இருள் வேண்டும், திரை வேண்டும். ஓட்டுகின்ற ஒவ்வொரு முறையும் சுருள் கொஞ்சம் தேயவும் செய்யும். நைட்ரேட் அடிப்படையில் அமைந்த பழஞ்சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. அவற்றுக்கு மாற்றாக வந்த அசிட்டேட் சுருள்கள் காலப்போக்கில் சிதைந்து புளிக்காடியின் நெடியை வெளியிடுவன. இத்தனை இடர்களுக்கிடையே, கதையும் இல்லாமல், புகழ்பெற்ற நடிகரும் இல்லாமல், பலமுறை பார்த்தும் பொருள் துலங்காத படங்களைச் சிலர் வாழ்நாள் முழுதும் தேடித் திரட்டினர். ஏன் என்னும் வினாவுக்கு அருமை என்பது பாதி விடையே.

மீதிப் பாதியைச் சர்ரியலிச இயக்கத்தின் உள்ளிருந்தே தேடுதல் பொருத்தமாகும். ஆந்த்ரே பிரெத்தோன் தம் ‘நாஜா’ (1928) நூலிலும் பின்னர் 1937இல் வெளியிட்ட நூலிலும் பாரிசின் செந்துவான் பழம்பொருட் சந்தையில் அலைந்து திரிதலை ஒரு கலைச்செயலாகவே எழுதினார். எதற்கென்று அறியாமல் ஒரு பொருளைக் கண்டு, அது தன்னை அழைத்ததாக உணர்ந்து, எடுத்துக்கொண்டு வருதல் இயக்கத்தாரின் நோக்கில் படைப்புக்கு ஒப்பானது. கண்டெடுத்த பொருள் என்னும் கலைவகை இவ்வாறு பிறந்தது. இதே பிரெத்தோன் முதல் உலகப் போர்க்காலத்தில் நாந்த் நகரில் நண்பர் ழாக் வாஷேயுடன் திரையரங்குகளில் நுழைந்த முறையும் ஈண்டுக் கருதத்தக்கது. என்ன படம், எப்போது தொடங்கியது என்று பாராமல் நடுவில் நுழைவர். சலிப்புத் தட்டியவுடன் எழுந்து அடுத்த அரங்குக்குப் போவர். ஒரு நாளில் பல படங்களின் துண்டுகள் மட்டுமே அவர்களுக்குக் கிட்டின. முழுமையை இழந்த துண்டு முழுப் படத்தைக் காட்டிலும் கனவுக்கு நெருக்கமானது என்பதை அவர்கள் கோட்பாடு வகுப்பதற்கு முன்பே பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

சந்தையில் அலையும் கால்களும் துண்டுகளில் நிறைவு காணும் கண்களும் சேகரிப்பாளருக்கும் உரியவை. வால்டர் பெஞ்சமின் தம் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்தெடுப்பதை வைத்து 1931இல் எழுதிய கட்டுரையும் பிற்காலக் குறிப்புகளும், சேகரிப்பாளர் பொருளை அதன் பயன்பாட்டுச் சுமையிலிருந்து விடுவிக்கிறார் என்னும் கருத்தை முன்வைத்தன. பயனிலிருந்து விடுபட்ட பொருள், தான் பிறந்த காரணத்தை இழந்து புதிராகிறது. சர்ரியலிசப் படமோ பிறக்கும்போதே புதிராக இருக்க முயல்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈர்த்தல் இயல்பே.

2. புரியாமை இருவகை

எனினும், புதிராகப் பிறந்த படத்தையும் புதிராக ஆகிவிட்ட படத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். சேகரிப்பாளர் மனத்தில் இவ்விரண்டும் கலந்தே கிடக்கின்றன. ஆய்வாளர் பிரித்தறிதல் வேண்டும்.

லூயி புனுவேலும் சால்வதோர் தாலியும் இயற்றிய ‘அந்தலூசிய நாய்’ (1929) முதல்வகை. அறிவுவழி விளக்கத்துக்கு இடந்தரும் படிமம் எதனையும் ஏற்பதில்லை என்னும் உறுதியோடு எழுதப்பட்ட திரைக்கதை அது. அவர்களின் அடுத்த படமான ‘பொற்காலம்’ (1930) நோவாய் பிரபு குடும்பத்தின் பொருளுதவியில் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில் பாரிசின் ‘ஸ்டுடியோ 28’ அரங்கில் வலதுசாரிக் குழுவினர் திரையில் மை வீசிக் கலகம் விளைத்ததையடுத்துப் படம் தடைசெய்யப்பெற்றது. அதன் பின்னர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இயல்பான திரையிடலுக்கு வராமல், தனியார் காட்சிகளிலும் திரைப்படக் கழகங்களிலும் மட்டும் நடமாடியது. இங்கே புரியாமை படைத்தவரின் நோக்கம். கிடையாமை அரசின் ஆணை. ஒரு தலைமுறைச் சேகரிப்பாளர்களுக்கு இப்படத்தின் பெயரே ஒரு மந்திரமாயிற்று என்றால், அதற்குக் கலைக்கு இணையான பங்கு காவல்துறைக்கும் உண்டு.

ழெர்மேன் துலாக் இயக்கிய ‘சிப்பியும் பாதிரியாரும்’ (1928) நிலை வேறானது. அந்தோனேன் ஆர்த்தோ எழுதிய திரைக்கதையினின்றும் எடுக்கப்பட்ட இப்படத்தை, பொருள் விளங்கவில்லை, பொருள் ஏதேனும் இருப்பின் அது தகாததாகவே இருக்கும் என்னும் வேடிக்கையான காரணம் காட்டிப் பிரித்தானியத் தணிக்கைக் குழு மறுத்தது. அமெரிக்காவில் நீண்டகாலம் புழங்கிய படியிலோ சுருள்கள் வரிசை மாறி ஒட்டப்பட்டிருந்தன. அதைக் கண்டவர் எவரும் பிழையை உணரவில்லை. சர்ரியலிசப் படம் இப்படித்தான் இருக்கும் என்று அமைந்தனர். ஏடு மாறிக் கோத்த சுவடியை நூலாசிரியரின் நடைச்சிறப்பு என்று பாராட்டுவதற்கு ஒப்பானது இது. வேண்டுமென்றே செய்யப்பட்ட புரியாமையோடு தற்செயலான புரியாமை வந்து கலந்ததற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சப்பானிய இயக்குநர் தெய்னோசுகே கினுகாசாவின் ‘பித்தின் ஒரு பக்கம்’ (1926). பின்னாளில் நோபல் பரிசு பெற்ற யாசுனாரி கவாபத்தா இதன் திரைக்கதை ஆக்கத்தில் பங்குகொண்டார். மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருக்கும் மனைவிக்கு அருகில் இருக்கும்பொருட்டு அங்கேயே பணியாளாகச் சேர்ந்த கணவனின் கதை இது. நெடுங்காலம் அழிந்துபோனதாகக் கருதப்பட்ட இப்படத்தை இயக்குநரே 1970களின் தொடக்கத்தில் தம் வீட்டுச் சேமிப்பறையில் கண்டெடுத்துப் புதிய இசையுடன் வெளியிட்டார். இடையெழுத்து அட்டை ஒன்றுகூட இல்லாத, ஒன்றன்மேல் ஒன்று படிந்த காட்சிகளால் ஆன இப்படம் மேலைநாட்டுச் சேகரிப்பாளரைத் திகைக்கவைத்தது. ஆனால் 1926இல் இதைப் பார்த்த சப்பானியர்க்கு அருகில் நின்று கதை சொல்லும் ‘பென்ஷி’ என்னும் கதைகூறுநர் இருந்தார். மேலும் இன்று எஞ்சியுள்ள படி முதலில் வெளியானதைவிடக் குறுகியது. ஆகவே, பின்னையோர் வியந்த இருண்மையில் ஒரு பகுதி கினுகாசாவினுடையது, ஒரு பகுதி மறைந்துபோன குரலினுடையது, ஒரு பகுதி காணாமற்போன சுருள்களினுடையது. எந்தப் பகுதி எவ்வளவு என்று அளந்து கூற இயலாமையே இதன் கவர்ச்சியை மிகுவிக்கிறது. இழப்பு இங்கே அழகாக மாறிவிடுகிறது. வரலாற்றாய்வாளர் இந்த மாற்றத்தை ஐயத்தோடு நோக்குதல் கடன்.

3. யூட்டோப்பியா பார்க்வே வீடு

சேகரிப்பாளரே படைப்பாளராக மாறிய நிலையை ஜோசப் கார்னெலிடம் (1903–1972) காணலாம். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் யூட்டோப்பியா பார்க்வே என்னும் தெருவில், தாயோடும் மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்ட தம்பி ராபர்ட்டோடும் வாழ்ந்தவர். 1921 முதல் பத்தாண்டுகள் துணி வணிக நிறுவனம் ஒன்றில் விற்பனையாளராகப் பணியாற்றினார். ஓவியப் பயிற்சி பெற்றவரல்லர். பணியிடையே கிடைத்த நேரத்தில் மன்ஹாட்டனின் பழம்புத்தகக் கடைகளிலும் பழம்பொருட் கடைகளிலும் நுழைந்து, செதுக்கோவிய அச்சுகள், நடனமணிகளின் உருவப்படங்கள், இசைத்தட்டுகள், நடிகையரின் புகைப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டினார். 1931இல் ஜூலியன் லெவியின் கலைக்கூடத்தில் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் ஒட்டுப்படங்களைக் கண்டபோதுதான் தாம் திரட்டியவற்றைக் கொண்டு ஏதேனும் செய்யலாம் என்னும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. மறு ஆண்டே அதே கூடத்தில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியில் அவருடைய ஆக்கங்களும் இடம்பெற்றன. கண்ணாடியிட்ட சிறு பெட்டிகளுள் பொருள்களை அமைக்கும் அவருடைய புகழ்மிக்க கலைவகை இங்கிருந்து வளர்ந்தது.

திரைப்படச் சேகரிப்பும் இதன் உடன்பிறப்பு. 1923இல் 16 மி.மீ. சுருள் அறிமுகமானபின் திரைப்படம் வீட்டுக்குள் வந்தது. பாதுகாப்பான அடிப்படையில் அமைந்ததாலும் விலை குறைந்ததாலும் எளியோரும் படவீழ்த்தி வாங்கி ஓட்ட முடிந்தது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தவுடன் மௌனப்படங்கள் வணிக மதிப்பை இழந்தன. பல சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டன. பல எடைக்கு விற்கப்பட்டன. நேற்றைய வியப்பு இன்று கழிவாகும் அந்த இடைவெளியில்தான் கார்னெல் போன்றோர் நின்றுகொண்டிருந்தனர். வீட்டைவிட்டு அதிகம் வெளியேற இயலாத தம்பிக்குப் படம் காட்டுதல் அவர் சுருள் வாங்கியதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஆய்வாளர் பலர் கார்னெலின் தனிமையை வியந்து எழுதிய அளவுக்கு இந்தத் தம்பியைக் கருத்தில் கொள்ளவில்லை. அந்த வீட்டின் படக்காட்சிக்குக் கண்காட்சிக் கூடத்தின் பார்வையாளர் பின்னரே வந்தனர், முதற்பார்வையாளர் ராபர்ட். ஒரே படத்தை மீண்டும் மீண்டும் பார்க்கும் வீட்டில் வேகத்தை மாற்றியும் துண்டுகளை இடம் மாற்றியும் காட்டுதல் விளையாட்டாகத் தொடங்குவது இயல்பே.

யூனிவர்சல் நிறுவனம் 1931இல் வெளியிட்ட ‘போர்னியோவின் கிழக்கே’ ஒரு சாதாரண வணிகப்படம். ஜார்ஜ் மெல்ஃபோர்ட் இயக்கியது. ஏறத்தாழ 77 நிமிடம் ஓடுவது. காணாமற்போன கணவனைத் தேடிக் காட்டுக்குள் செல்லும் பெண், அரண்மனையில் மருத்துவனாயிருக்கும் கணவன், அவள்மீது கண்வைக்கும் இளவரசன், முதலைகள், இறுதியில் எரிமலை. கீழைநாடுகள் பற்றி அக்கால ஹாலிவுட் வைத்திருந்த மலிவான கற்பனைகள் அனைத்தும் இதில் உண்டு. இதன் 16 மி.மீ. படி ஒன்று பழஞ்சரக்காகக் கார்னெலின் கைக்கு வந்தது. அவர் அதைக் கத்தரித்தார். கதையை நகர்த்தும் காட்சிகள் பெரும்பாலும் வெளியேறின. கதைத்தலைவியாக நடித்த ரோஸ் ஹோபார்ட் தோன்றும் துணுக்குகள் எஞ்சின. அவள் திரும்புகிறாள், திரைச்சீலையை விலக்குகிறாள், யாரையோ பார்க்கிறாள். யாரை என்பது காட்டப்படுவதில்லை. ஒரு காட்சியில் அணிந்த ஆடை அடுத்த நொடியில் வேறாகிறது. இவற்றோடு கதிரவன் மறைப்பு முதலிய வேறு படத்துண்டுகளும் நீரில் ஏதோ விழுந்து வட்ட அலை பரவும் காட்சியும் சேர்க்கப்பட்டன. வந்த படத்துக்கு நடிகையின் பெயரையே தலைப்பாக இட்டார்.

வெட்டியொட்டியதோடு கார்னெலின் ஆக்கம் முடியவில்லை என்பதே இங்குக் கவனத்திற்குரியது. பேசும்படத்தின் ஒலியை முற்றும் நீக்கினார். நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படத்தை மௌனப்பட வேகத்தில் மெதுவாக ஓட்டினார். வில்லையின் முன் ஆழ்ந்த நீலக் கண்ணாடி ஒன்றைப் பிடித்தார். இசைத்தட்டில் பிரேசிலிய நடன இசை ஒலித்தது. ஆக, ‘ரோஸ் ஹோபார்ட்’ என்பது சுருள் மட்டுமன்று. சுருள், கண்ணாடி, வேகம், தட்டு, இவற்றை இயக்கும் கை ஆகிய ஐந்தும் சேர்ந்த நிகழ்வு.

1936 திசம்பரில் லெவியின் கலைக்கூடத்தில் இப்படம் காட்டப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பெரிய சர்ரியலிசக் கண்காட்சி நடந்த காலம் அது. காட்சிக்கு வந்திருந்த தாலி நடுவில் வெகுண்டெழுந்து படவீழ்த்தியைத் தள்ளிவிட்டார் என்பது லெவியின் நினைவுக்குறிப்பு வழியாகப் பரவிய செய்தி. இப்படி ஒரு படம் எடுக்கும் எண்ணம் தம்மிடம் இருந்தது, அதை எழுதவோ யாரிடமும் கூறவோ இல்லை, ஆயினும் அது திருடப்பட்டுவிட்டது என்பதே தாலியின் முறையீட்டின் சாரம். நகைப்புக்குரியதாகத் தோன்றும் இம்முறையீட்டில் ஓர் உண்மை உள்ளது. எவருடைய கனவிலும் இருக்கத்தக்க ஒன்றை, எவருடையதும் அல்லாத கழிவுப் படச்சுருளிலிருந்து எடுத்துக்காட்டும்போது உடைமை என்னும் எல்லை கலங்கிவிடுகிறது. மூலப்படம் யூனிவர்சலினுடையது, முகம் நடிகையினுடையது, தேர்வு கார்னெலினுடையது, கனவு தாலி தமதென்றது.

கார்னெல் தம்மைச் சர்ரியலிசத்தோடு முழுமையாகச் சேர்த்துக்கொண்டவரல்லர். ஆழ்மனம், கனவு பற்றிய அவ்வியக்கத்தாரின் கோட்பாடுகளைத் தாம் ஏற்கவில்லை என்று அதே ஆண்டில் அருங்காட்சியக இயக்குநர் ஆல்பிரட் பாருக்கு எழுதியிருந்தார். அவருடைய படத்தில் வன்முறை இல்லை, தெய்வ நிந்தை இல்லை. ‘அந்தலூசிய நாய்’ கண்ணை அறுத்துத் தொடங்குகிறது. கார்னெலின் படமோ ஒரு முகத்தைக் கண்ணிமைக்காமல் நோக்குவது. திரைநடிகையரைத் தொழுகையோடு ஒத்த மனநிலையில் நோக்கும் இப்பண்பு, ஹெடி லமாரைப் பற்றி 1941–42இல் ‘வியூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரையிலும், லாரன் பகாலை வைத்து அமைத்த பெட்டியிலும் தொடர்கிறது. உண்மையான பெண்ணொருத்தியைப் படிமமாக்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் இச்செயலைப் பெண்ணிய நோக்கில் வினவுதற்கு நிறைய இடமுண்டு. அன்பு, அடைத்துவைத்தல் இரண்டும் சேகரிப்பில் பிரிக்கமுடியாதபடி பின்னியுள்ளன.

4. எது மூலபாடம்?

தாலியின் சீற்றத்துக்குப் பின் கார்னெல் இப்படத்தைப் பொதுவில் காட்டுவதை ஏறத்தாழக் கைவிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அதைக் கண்டோர் மிகச் சிலரே. 1960களின் இறுதியில் அவருடைய படச் சேகரிப்பு, பின்னர் ‘ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ்’ என்று பெயர்பெற்ற காப்பகத்தின் பொறுப்புக்கு வந்தது. அப்போது படத்துக்குப் புதிய படிகள் எடுக்கவேண்டியதாயிற்று. கண்ணாடியை ஒவ்வொரு காட்சிக்கும் கையில் பிடிக்க இயலாது. நிறத்தைச் சுருளிலேயே ஏற்றவேண்டும். எந்த நிறம்? முதற்காட்சியில் நீலம் என்பது தெளிவு. ஆனால் முதிர்ந்த வயதில் கார்னெல் ரோஜாச் சாயலை விரும்பினார் என்பதற்கிணங்க அப்போது எடுத்த படி ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம் பெற்றது. பிற்காலத்தில் நீல நிறப் படிகளும் புழக்கத்துக்கு வந்தன.

சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளருக்கு இச்சிக்கல் அயலானதன்று. ஆசிரியர் இளமையில் எழுதிய பாடமும் முதுமையில் திருத்திய பாடமும் வேறுபடும்போது எதை மேலே வைப்பது, எதை அடிக்குறிப்பில் தருவது என்னும் வினா இது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சுவடியில் பாடவேறுபாடு எழுத்தில் பதிந்திருக்கும். ‘ரோஸ் ஹோபார்ட்’டின் நிறமோ வேகமோ இசையோ 1936இன் சுருளில் பதிந்திருக்கவில்லை. அவை சேகரிப்பாளரின் பழக்கமாக மட்டுமே இருந்தன. நிறத்தைப் போலவே வேகமும் சிக்கல் தருவது. நொடிக்கு 16 சட்டக வேகத்தில் 19 நிமிடம் ஓடும் ஒரு சுருள், 24 சட்டக வேகத்தில் 13 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரோஸ் ஹோபார்ட்டின் தலை திரும்புதல் ஒன்றில் கனவு, மற்றொன்றில் வெறும் சைகை. எனவே பட்டியலில் ஓடும் நேரம் என்று ஓர் எண்ணை எழுதுவதே ஒரு பாடத்தைத் தெரிவுசெய்யும் பதிப்புச் செயலாகிவிடுகிறது. 2001இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பெற்றது. பதிவேட்டில் ஏறியது படத்தின் பெயர். எந்த நிறத்தின் பெயர் என்பது அதில் விளங்காது.

கார்னெலின் பிற படங்களிலும் இந்நிலையே. குழந்தைகள் விருந்து, சரக்கஸ் வித்தை முதலியவற்றின் பழந்துண்டுகளால் அவர் தொடங்கிய மூன்று குறும்படங்களை 1960களில் லாரன்ஸ் ஜோர்டன் முடித்துக்கொடுத்தார். 1955இல் மன்ஹாட்டனின் மூன்றாம் நிழற்சாலை உயர்மட்ட இருப்புப்பாதை மூடப்படவிருந்த வேளையில், அது மறையுமுன் படமெடுக்குமாறு இளைஞர் ஸ்டான் பிராகேஜை அனுப்பினார். பிராகேஜ் எடுத்தது ‘வியப்பு வளையம்’ என்னும் படமாயிற்று. கார்னெல் அதையே தலைகீழாகவும் முன்பின்னாகவும் திருப்பித் தமக்கென ஒரு படமாக்கிக்கொண்டு, தலைப்பின் எழுத்துகளையும் பின்னிருந்து முன்னாக எழுதிவைத்தார். பிறர் எடுத்துத் தந்தாலும் தம் கைபட்ட பின்னரே அது தம் சேகரிப்பிற்குள் வரும் என்பது இதன் கருத்தாகலாம்.

5. கைமாறிய பழக்கம்

கார்னெலிடம் சிறிதுகாலம் உதவியாளராக இருந்த கென் ஜேக்கப்ஸ், ‘ரோஸ் ஹோபார்ட்’ சுருளை இரவல் பெற்று, நண்பர் ஜாக் ஸ்மித்தோடு சேர்ந்து முன்னும் பின்னுமாகப் பலவாறு ஓட்டிப் பார்த்ததைக் கூறியுள்ளார். அமெரிக்க நிலத்தடித் திரைப்படத்தின் வரலாற்றில் இந்த இரவலுக்குத் தனியிடம் உண்டு. பொதுவில் காட்டப்படாத படம் ஒன்று, கைமாற்றால் மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் சென்றது. ஜேக்கப்ஸ் பின்னர் 1905ஆம் ஆண்டின் பயோகிராஃப் படமொன்றை நிறுத்தியும் பெருக்கியும் திருப்பியும் ‘டாம், டாம், குழலூதியின் மகன்’ (1969) என்னும் நெடும்படத்தை ஆக்கினார். அத்தகைய தொடக்ககாலப் படங்கள் பல எஞ்சியமைக்குக் கலையார்வம் காரணமன்று. பதிப்புரிமைக்காக அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் அவற்றைத் தாளில் அச்சிட்டு ஒப்படைத்திருந்தனர், தாள் நிலைத்தது. அவருடைய ‘முழுநிறைவான படம்’ (1986) இன்னும் ஒரு படி மேலே செல்வது. மால்கம் எக்ஸ் கொலையையொட்டி எடுக்கப்பட்டுக் கழிக்கப்பட்ட தொலைக்காட்சிச் செய்திச் சுருளை நியூயார்க்கின் பழஞ்சரக்குக் கடையில் கண்டு, வெட்டாமல், சேர்க்காமல் அப்படியே வெளியிட்டார். கண்டெடுத்தல் ஒன்றே இங்கே ஆக்கம்.

ஹாரி ஸ்மித் (1923–1991) மற்றொரு துருவம். கிராமிய இசையின் 78 சுழற்சித் தட்டுகளைத் திரட்டி அவர் 1952இல் வெளியிட்ட 84 பாடல்களின் தொகுப்பு அமெரிக்க இசை வரலாற்றையே மாற்றியது. இவையன்றிப் பூவேலை முட்டைகள், செமினோல் பழங்குடியினரின் ஒட்டுத்துணிகள், நியூயார்க் தெருக்களில் விழுந்துகிடந்த காகித விமானங்கள் எனத் திரட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டியல் நூல்களில் வந்த செதுக்கோவியங்களை வெட்டி அசைத்து உருவாக்கிய அவருடைய பன்னிரண்டாம் எண் படம், ‘விண் மண் மாயம்’ என்று அறியப்படுவது. தர்ப்பூசணியும் பல்வலியும் விண்ணேற்றமும் கலந்த இப்படம் இன்று கறுப்பு வெள்ளையில் காணப்படுகிறது. நிற வடிகட்டிகளையும் திரையைச் சூழும் சட்டக வில்லைகளையும் தாமே இயக்கிக் காட்டும்படியாகத்தான் ஸ்மித் அதைத் திட்டமிட்டிருந்தார். கார்னெலின் நீலக் கண்ணாடிக்கும் ஸ்மித்தின் வடிகட்டிக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. இருவரும் பொருள்களை வைத்திருந்து காட்டிப் பழகியவர்கள். காட்டும்போது கை சும்மா இருப்பதில்லை.

6. காத்தலும் மறைத்தலும்

சேகரிப்பாளரின் பற்று இல்லையேல் இப்படங்களில் பல நமக்கு எஞ்சியிரா. அதே பற்றால் அவை பல்லாண்டு மறைந்தும் கிடந்தன. இம்முரணுக்குப் பொதுவிடம் ஒன்றை அமைத்தவர்கள் திரைப்படக் கழகத்தார். ஆமோஸ் வோகல் 1947இல் நியூயார்க்கில் தொடங்கி 1963 வரை நடத்திய ‘சினிமா 16’ உறுப்பினர்க்கு மட்டுமே காட்சியளித்தது. அதனால் தணிக்கைக்கு உட்படாமல், அறிவியற் படத்துக்கு அருகில் சர்ரியலிசப் படத்தையும் வைத்துக் காட்ட முடிந்தது. 1970இல் ஜோனாஸ் மேக்காஸ் முதலியோர் திறந்த ஆந்தாலஜி காப்பகம் வேறு வழியை மேற்கொண்டது. ஐவர் குழு ஒன்று இன்றியமையாப் படங்கள் எனச் சுமார் 330 படங்களைத் தேர்ந்து, அவற்றைத் திரும்பத் திரும்பக் காட்டத் திட்டமிட்டது. பீட்டர் குபெல்கா வடிவமைத்த அதன் முதல் அரங்கில் ஒவ்வோர் இருக்கையும் தடுப்பால் பிரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் தெரியாமல், திரை மட்டுமே தெரியும். கழகத்தின் கூட்டத்தைவிடச் சேகரிப்பாளரின் தனியறைக்கே இவ்வரங்கு நெருக்கமானது. தேர்வு என்பதும் சேகரிப்பாளரின் பழைய செயலே. பட்டியலில் இடம்பெறாத படங்களை, குறிப்பாகப் பெண்கள் எடுத்த படங்களின் எண்ணிக்கைக் குறைவை முன்வைத்துப் பின்னர் எழுந்த வினாக்கள் இதன்பாற்பட்டன.

இத்தகைய காப்பகத்துக்குள் வந்தபின் ‘ரோஸ் ஹோபார்ட்’ மாறிவிட்டது. நிறம் சுருளில் ஏறியது. இசை ஒலித்தடத்தில் பதிந்தது. எவர் ஓட்டினாலும் ஒரே படம் ஓடுகிறது. பிழையின்றி, தட்டு கீறாமல், கண்ணாடி நழுவாமல். யூட்டோப்பியா பார்க்வே வீட்டில் ராபர்ட் பார்த்த படத்தில் அண்ணனின் கையும் இருந்தது. வேகத்தை அன்று சற்றுக் கூட்டியிருக்கலாம். தம்பி கேட்டிருந்தால் ஒரு துண்டை மீண்டும் ஓட்டியுமிருக்கலாம். அந்தப் பாடத்துக்குப் படி எடுக்கும் முறை எந்தக் காப்பகத்திலும் இல்லை.